டயர் காற்றும் காரின் பிடிப்பும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வளைவில் கார் நினைத்தபடி திரும்பவில்லை, பிரேக் மிதித்தால் வழுக்குகிறது, நெடுஞ்சாலையில் மிதப்பதுபோல் இருக்கிறது என்று சொல்பவர்களிடம், டயரில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "முப்பத்தைந்து" என்ற விடைதான் வருகிறது. எந்தக் கார், எத்தனை பேர் ஏறுகிறார்கள், முன்சக்கரமா பின்சக்கரமா என்ற வேறுபாடு எதுவும் அந்த எண்ணில் இல்லை. அதைவிடச் சிக்கலான செய்தி ஒன்று உண்டு. காரின் கையாளுதலில் தோன்றும் ஏறத்தாழ ஒவ்வோர் அறிகுறிக்கும் காற்றுக் குறைவும் காரணமாகலாம், காற்று மிகுதியும் காரணமாகலாம். ஆகவே அறிகுறியைக் கேட்டவுடன் காற்றைக் கூட்டவோ இறக்கவோ முற்படாமல், டயரின் முகத்தில் பதிந்திருக்கும் சான்றைப் பார்த்த பிறகே வால்வில் கை வைக்க வேண்டும். இங்கே சொல்லப்படுவன, முன்பக்கம் எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட, டியூப்லெஸ் ரேடியல் டயர் பூட்டிய வழக்கமான சிறு காருக்கும் செடானுக்கும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: நம்பத்தக்க அளவு

எந்த அறிகுறியை ஆராயப் புகுந்தாலும் நான்கு டயர்களின் குளிர்நிலை அழுத்தம் தெரிந்திருக்க வேண்டும். குளிர்நிலை என்றால், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும். நகர்த்தியிருந்தாலும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் ரப்பர் சூடேறுகிறது. அதனால் உள்ளிருக்கும் காற்றும் சூடேறி, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு அழுத்தம் நான்கு முதல் ஆறு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வரை கூடியிருக்கும். பயணத்தின் நடுவே பெட்ரோல் பங்கில் நிறுத்தி, 37 காட்டுகிறதே என்று அஞ்சி, சூடான டயரிலிருந்து காற்றை இறக்கி 33-இல் விட்டால், மறுநாள் காலையில் அந்த டயரில் 29 தான் இருக்கும். நான் பார்த்தவரையில், நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் கார் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். மே மாத மதியத்தில் 38 டிகிரி வெயிலில் 33 வைத்த டயர், ஓர் ஊசிமுனைத் துளைகூட இல்லாமலே, மார்கழி விடியலின் 21 டிகிரியில் முப்பதரைக்கு வந்திருக்கும். இதோடு, எந்தக் குறையும் இல்லாத டயரிலிருந்தும் ரப்பர் வழியாக மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ. கசிந்துகொண்டே இருக்கிறது.

எந்த எண்ணில் தொடங்குவது என்பதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் தூணில் தெரியும் ஒட்டுத்தாள் சொல்லும். சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிகள் உண்டு: இரண்டு மூன்று பேர் செல்லும்போது ஓர் அளவு, முழுச்சுமையோடு செல்லும்போது வேறோர் அளவு. இரண்டாவது வரியைப் படித்துவிட்டுக் கோயில் பயணத்துக்குக் கிளம்புபவர்கள் மிகக் குறைவு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் 44 அல்லது 51 என்ற எண்ணோ, அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்கு வைக்க வேண்டிய அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அளக்கும் கேஜ் உங்களுடையதாக இருக்கட்டும். பங்கின் கருவி ஓர் எண்ணும் பங்க்சர் கடைக் கேஜ் வேறோர் எண்ணும் காட்டுவது வழக்கம், மூன்று பி.எஸ்.ஐ. வேறுபாடு வியப்பில்லை. கையாளுதலைச் சரிசெய்யும் வேலையில் நாம் இரண்டிரண்டு பி.எஸ்.ஐ.-ஆகத்தான் நகர்கிறோம் என்பதால், அந்த வேறுபாடு முழு முயற்சியையும் வீணாக்கிவிடும். காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலிலேயே வால்வு மூடியைக் கழற்றிக் கேஜை நேராக அழுத்துங்கள். "ஸ்" என்ற ஒலி ஒரு கணம் எழுந்து உடனே அடங்க வேண்டும். ஒலி தொடர்ந்தால் கேஜின் வாய் சாய்ந்திருக்கிறது, காட்டும் எண் உண்மையைவிடக் குறைவு என்று பொருள். மறுபடி வைத்துப் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எண் வந்தால் மட்டும் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கச் சக்கரங்களில் மட்டும் வெயில் விழுந்திருந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகக் காட்டும். அன்று அளப்பதை விட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது

ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறோம், ஆனால் கார் அந்த அளவுக்குத் திரும்பாமல் வளைவின் வெளிவிளிம்பை நோக்கி அகன்று செல்கிறது. இதை அண்டர்ஸ்டியர் என்பார்கள். முன்சக்கர இயக்கமுள்ள காரில் மொத்த எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு முன்சக்கரங்களின் மேல் இருக்கிறது. இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் அதே இரண்டு டயர்களின் வேலை. எனவே வேகம் மிகும்போது முன்பக்கம் முதலில் விட்டுக்கொடுப்பது இந்த வகைக் காரின் இயல்பு. வண்டியை அப்படித்தான் வடிவமைத்தும் இருக்கிறார்கள், ஏனென்றால் பழக்கமில்லாத ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே அது சரியாகிவிடும். நாம் தேட வேண்டியது, முன்பு இல்லாத தள்ளலும் குறைந்த வேகத்திலேயே தோன்றும் தள்ளலும்தான்.

முன்டயர்களில் காற்று குறைந்திருந்தால், வளைவில் பக்கவாட்டு விசை வரும்போது பக்கச்சுவர் மடங்கி, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) உள்ள பகுதி தரையை விட்டு உருண்டு, ஓரத்து ரப்பர் மட்டும் சுமையைத் தாங்குகிறது. காற்று மிகுந்திருந்தால், டயரின் நடுப்பகுதி உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்குகிறது. பக்கச்சுவர் மடங்குவதில்லை, ஆனால் பற்றுவதற்கு ரப்பரும் போதவில்லை. இரண்டு நிலையிலும் ஓட்டுநரின் கைக்குத் தெரிவது ஒன்றுதான்: கார் தள்ளுகிறது. ஆகவே, "முன்பக்கம் தள்ளினால் காற்றைக் கூட்டு" என்பவரும் "குறை" என்பவரும் தத்தம் காரில் உண்மையாகவே பலன் கண்டிருக்கலாம்.

எது உண்மை என்பதைத் தீர்க்க ஐந்து ரூபாய்ச் சாக்பீஸ் போதும். முன்டயர் ஒவ்வொன்றிலும், பட்டனின் வெளிவிளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை, இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்த கோடுகளை மூன்று இடங்களில் போடுங்கள். ஆள் நடமாட்டமில்லாத திறந்த மைதானத்திலோ, போக்குவரத்தற்ற தனியிடத்திலோ, அதே வளைவை இடமும் வலமுமாக நான்கைந்து முறை எடுத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். டயரின் தோள்பகுதியில் சிறு முக்கோணக் குறியொன்று அச்சிட்டிருப்பார்கள்; தேய்மானக் குறி இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கான அடையாளம் அது. சாக்பீஸ் அழிந்த எல்லை அந்த முக்கோணத்தின் முனையை ஒட்டி நின்றால், டயர் தன் முழு அகலத்தையும் பயன்படுத்துகிறது. அழிவு முக்கோணத்தைத் தாண்டிப் பக்கச்சுவருக்குள் இறங்கியிருந்தால் காற்று போதாது. ஓரப் பட்டனிலேயே வெள்ளை மிச்சமிருந்தால், அந்த வேகத்துக்குக் காற்று மிகுதி.

அதன் பிறகு திருத்தம் எளிது. ஒட்டுத்தாள் அளவைவிடக் குறைந்திருந்தால் முதலில் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த அளவிலும் டயர் உருள்கிறது என்று சாக்பீஸ் காட்டினால் முன்டயர் இரண்டுக்கும் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டி, மறுபடி கோடு போட்டு ஓட்டுங்கள். ஒட்டுத்தாள் அளவுக்கு மேல் நான்கு பி.எஸ்.ஐ.-க்கு அப்பால் போகத் தேவைப்படுமானால், குறை காற்றில் இல்லை. சக்கரத்தின் சாய்வுக் கோணத்தையோ டயரின் தரத்தையோதான் பார்க்க வேண்டும். காற்று மிகுதி என்று தெரிந்தால் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.-ஆக இறக்கலாம், ஆனால் பொதுச்சாலையில் ஓடும் காரில் ஒட்டுத்தாள் அளவுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. அந்த எண் பிடிப்புக்காக மட்டும் வைத்ததல்ல; சுமையையும் வேகத்தையும் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டது.

இன்னொரு குறுக்குவழியும் பேசப்படுகிறது. பின்டயர்களில் காற்றை மிகுதியாக ஏற்றிப் பின்பக்கத்தின் பிடிப்பைக் குறைத்தால், முன்பக்கத் தள்ளல் மறைந்து கார் சட்டெனத் திரும்பும் என்பார்கள். அது உண்மைதான், மூடிய தடத்தில் நேரத்தோடு போட்டியிடுபவர்கள் அப்படிச் செய்வதுண்டு. குடும்பத்தோடு செல்லும் காரில் அதைச் செய்வது, முன்பக்கத்தின் சிறு குறையைத் தீர்க்கப் பின்பக்கத்தில் பெரிய ஆபத்தை வாங்கிக்கொள்வதாகும். அதன் விளைவுதான் அடுத்த அறிகுறி.

அறிகுறி: வளைவில் பின்பக்கம் வெளியே வீசுகிறது

முன்பக்கம் சொன்னபடி திரும்புகிறது, ஆனால் இடுப்புக்குப் பின்னால் கார் தனியாக நழுவுவதுபோல் ஓர் உணர்வு வருகிறது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இந்த அறிகுறி ஒருமுறை தோன்றினாலும் அன்றே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்பக்கம் தள்ளினால் காலை எடுத்துத் தப்பலாம். பின்பக்கம் வீசும்போது காலைச் சட்டென எடுத்தாலோ, எடை முன்னால் சாய்ந்து, வீச்சு இன்னும் பெருகும்.

சில ஆண்டுகளுக்கு முன் மழை விட்ட ஒரு மாலையில் கத்திப்பாரா மேம்பாலத்தின் வட்டச் சரிவில், 40 கிலோமீட்டர் வேகத்தில்கூட என் காரின் பின்பக்கம் அரை அடி நகர்ந்ததை உணர்ந்தேன். சாலை ஈரம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் விடியலில் அளந்தபோது பின்வலம் 32, பின்இடம் 23. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ரேடியல் டயரின் அடிப்பக்கம் இயல்பாகவே சற்றுப் பிதுங்கி நிற்கும் என்பதால், பத்து பி.எஸ்.ஐ. குறைவைக் கண் காட்டிக்கொடுக்காது. பட்டன்களுக்கு இடையே தலை தேய்ந்த சிறு ஆணி ஒன்று, ரப்பரின் நிறத்திலேயே, படுத்திருந்தது. அன்று முதல் "பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது" என்ற சொல்லை நான் ஏற்பதில்லை.

பின்பக்க வீச்சுக்கு முதலில் பார்க்க வேண்டியது பின்டயர் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. அடுத்தது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடு. அமெரிக்காவில் 1960 முதல் 1963 வரை வெளிவந்த செவ்ரலே கொர்வேர் கார்கள் இந்த இரண்டாவது செய்திக்குச் சிறந்த பாடம். எஞ்சின் பின்பக்கம் இருந்த அந்தக் காரில், குளிர்நிலையில் முன்டயருக்கு 15-உம் பின்டயருக்கு 26-உம் பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும் என்று உற்பத்தியாளர் குறித்திருந்தார். முன்டயரை வேண்டுமென்றே மென்மையாக்கி முன்பக்கப் பிடிப்பைக் குறைத்து, பின்பக்கம் முந்திக்கொண்டு வீசாமல் காப்பதே அந்த 11 பி.எஸ்.ஐ. இடைவெளியின் நோக்கம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவாகக் காற்று நிரப்பினால் அந்தக் காப்பு போய்விடும். நம் கார்கள் அவ்வளவு நுட்பமான சமநிலையில் நிற்பவை அல்ல. ஆயினும் ஒட்டுத்தாளில் முன்னும் பின்னும் வெவ்வேறு எண்கள் இருந்தால், அந்த வேறுபாட்டுக்கு இதே வகையான காரணம் இருக்கிறது. "நாலுக்கும் ஒரே மாதிரி வைத்துவிடுங்கள்" என்று பங்கில் சொல்வதற்கு முன் அதை எண்ணிப் பாருங்கள்.

சுமையும் இதே அறிகுறியைத் தரும். பின்னிருக்கையில் மூவர், டிக்கியில் அரிசி மூட்டையும் பெட்டிகளும் என்றால் கூடும் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களுக்கே போகிறது. ஒட்டுத்தாளின் முழுச்சுமை வரி பின்டயருக்குப் பெரும்பாலும் கூடுதலாகக் கேட்பது அதனால்தான். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் மழையில் மட்டும் பின்பக்கம் வீசுமானால், புதிய டயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு டயர் மட்டும் வாங்கும்போது புதியவற்றை முன்னால் பூட்டிப் பழையவற்றைப் பின்னால் தள்ளும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஈரச்சாலையில் பின்பக்கம் முதலில் நழுவாமல் இருக்க, பட்டன் ஆழம் மிகுந்த டயர் பின்னால்தான் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஸ்டியரிங் கனக்கிறது, அல்லது மந்தமாக இருக்கிறது

நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பக் கை வலிக்கிறது என்றால் முன்டயர்களில் காற்று குறைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. ஓடும்போது, திருப்பிய பிறகு ஒரு கணம் தாமதித்துக் கார் பதில் சொல்வதும், பேருந்து முந்திச் செல்லும்போது காற்றில் கார் ஆடி நிலைக்கு வர நேரமாவதும் பின்டயர்களின் குறைவையும் காட்டலாம்; மந்தம் என்றதும் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. சமன் செய்த பிறகும் மந்தம் தொடர்ந்தால் ஷாக் அப்சார்பரையும் புஷ்களையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அறிகுறி: கார் துள்ளுகிறது, காய்ந்த சாலையிலேயே ஏ.பி.எஸ். அடிக்கடி துடிக்கிறது

இது காற்று மிகுதியின் முகம். பாலத்தின் இணைப்புப் பட்டைகளில் சக்கரம் தட்டிக் குதிக்கிறது. மேடுபள்ளமான வளைவில் கார் சிறு சிறு தாவல்களாகப் பக்கவாட்டில் நகர்கிறது. பிரேக் மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வழக்கத்தைவிட முன்னதாகவே வேலைசெய்து, பெடலில் துடிப்பு தெரிகிறது. தரையை விட்டு எழும்பிய டயருக்கு எந்தப் பிடிப்பும் இல்லை என்பதே இதற்கெல்லாம் காரணம். மைலேஜுக்காக 38, 40 என்று வைப்பவர்கள் இந்த விலையைத்தான் கொடுக்கிறார்கள். பட்டனின் நடுவரிசை மட்டும் தேய்ந்து ஓரம் புதிதாக நிற்பது நீண்ட நாள் மிகுதிக்குச் சான்று. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்து நிற்பது நீண்ட நாள் குறைவுக்குச் சான்று. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது வீல் அலைன்மென்ட்டின் வேலை. காற்றால் அதைத் திருத்த முடியாது.

அறிகுறி: நேர்ச்சாலையில் கார் ஒரு பக்கம் இழுக்கிறது

முன்டயர் இரண்டுக்கும் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. வேறுபாடு இருந்தால், குறைந்த பக்கத்துக்குக் கார் இழுக்கும். சமன் செய்த பிறகும் இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினால் குறை டயரில் உள்ளது. மாறாவிட்டால் அலைன்மென்ட்டிலோ, சிக்கிக்கொண்ட பிரேக்கிலோ உள்ளது. பக்கச்சுவரில் சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயர்களை இப்படி மாற்றிப் பூட்டக் கூடாது. அண்மையில் பங்க்சராகி ஸ்டெப்னி பூட்டியிருந்தால் தேடலை அங்கேயே தொடங்குங்கள்: பல கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடக் குறுகலானது, அதற்குரிய காற்றளவும் தனி. தற்காலிகப் பயன்பாட்டுக்கான மெல்லிய வகையென்றால் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. கேட்கும், அது அதன் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும்.

அறிகுறி: தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென லேசாகிறது

மழைக்காலத்தில் "கொஞ்சம் காற்றை இறக்கினால் நன்றாகப் பிடிக்கும்" என்ற அறிவுரையைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் வருந்துகிறேன், ஏனென்றால் நிற்கும் நீரில் அது நேரெதிரான விளைவைத் தரும். டயர் நீரைப் பிதுக்கித் தள்ளித் தரையைத் தொட வேண்டும். நீரோ வேகம் கூடக் கூட எதிர்த்து அழுத்தும். அந்த எதிரழுத்தம் டயரின் அழுத்தத்தை எட்டும்போது சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கிறது. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் விமான டயர்களை ஆராய்ந்து, 1963-இல் வெளியிட்ட ஆய்வில், மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது என்று காட்டினார். அந்தக் கணக்கில் 33 பி.எஸ்.ஐ. உள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டரிலும், 22 பி.எஸ்.ஐ. உள்ளது 78 கிலோமீட்டரிலும் மிதக்கத் தொடங்கும். கார் டயரின் அகலமும் பட்டன் ஆழமும் இந்த எண்களை மாற்றும். தேய்ந்த டயர் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும். ஆனால் காற்று குறைந்தால் மிதப்பு முன்னதாக வரும் என்ற திசை மாறாது.

ஆகவே இந்த அறிகுறிக்கு இரண்டே சோதனைகள். காற்று ஒட்டுத்தாள் அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பது ஒன்று. பட்டன் பள்ளத்தின் அடியில் குறுக்காக நிற்கும் தேய்மானக் குறியை மேற்பரப்பு நெருங்கிவிட்டதா என்பது மற்றொன்று. அந்தக் குறியின் உயரம் 1.6 மில்லிமீட்டர், அது சட்டத்துக்கான கடைசி எல்லை. ஐப்பசி அடைமழையில் என் குடும்பத்தை ஏற்றிச் செல்ல மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள டயரை நான் நம்பமாட்டேன்.

அறிகுறி: மலை ஏறிய பிறகு அளவு குழப்புகிறது

மேட்டுப்பாளையத்தில் 33 வைத்துவிட்டு ஊட்டிக்குப் போகிறவர்கள், மேலே குளிரில் காற்று குறையுமா, உயரத்தால் கூடுமா என்று கேட்பதுண்டு. இரண்டும் நடக்கின்றன. 30 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறங்கும் குளிர் ஏறத்தாழ மூன்று பி.எஸ்.ஐ.-ஐக் குறைக்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறத்தாழ மூன்று பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டுகிறது. ஒன்றை ஒன்று ஈடுசெய்ய, மறுநாள் விடியலில் ஊட்டியில் அளந்தாலும் 33-ஐ ஒட்டியே இருக்கும். அங்கே போய் எதையும் மாற்றத் தேவையில்லை.

இறங்கும்போது கதை வேறு. கொண்டை ஊசி வளைவுகளில் ஓயாமல் பிரேக் மிதித்து இறங்கினால், பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறி, முன்டயர்களின் அழுத்தம் வழக்கத்தைவிட மிகுதியாகக் கூடும். அடிவாரத்தில் அளந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். இரண்டாவது கியரில் இறங்கினால் இந்தச் சூடு வராது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலும் டயரையும் பிரேக்கையும் காப்பது கியர்தான்.

சூட்டைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். குளிர்நிலையில் அளந்து, வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடி, நிறுத்தியவுடன் மறுபடி அளந்தால், ஏற்றம் நான்கு பி.எஸ்.ஐ.-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆறைத் தாண்டினால் டயர் மிகுதியாக மடங்கிச் சூடேறுகிறது, அதாவது அந்தச் சுமைக்குக் காற்று குறைவு; முழுச்சுமை வரிக்கு மாறுங்கள். இரண்டுக்கும் குறைவாக ஏறினால் காற்று மிகுதி என்று ஐயப்படலாம். வெயில் நாளில் செய்தால் இந்த எண்கள் ஏமாற்றும் என்பதால், அதிகாலைப் பயணத்தில் செய்வது நல்லது.

அறிகுறி: அளவுகள் எல்லாம் சரி, ஆனாலும் பிடிப்பில்லை

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் ஆழம் மிச்சமிருந்தாலும், நம் வெயிலில் பல ஆண்டு நின்ற ரப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் பதியாது, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். இந்த நிலையில் எந்தக் காற்றளவும் உதவாது. 80, 90 வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குவது வீல் பேலன்சிங் பிரச்சினை. நைட்ரஜன் நிரப்பினால் பிடிப்பு கூடுமா என்றால், சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கடையில் நிரப்பும் நைட்ரஜனில் ஈரப்பசை குறைவு என்ற சிறு நன்மை உண்டு, கையாளுதலில் மாற்றம் தெரியாது.

டேஷ்போர்டின் டயர் விளக்கு எரியவில்லையே என்று அமைதியடையவும் கூடாது. அமெரிக்க விதிப்படி, குறித்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் அந்த விளக்கு எரிய வேண்டும். 33-க்கு அது ஏறத்தாழ 25 பி.எஸ்.ஐ. அதற்கு வெகு முன்பே கையாளுதல் கெட்டுவிடும். சக்கரத்தின் சுழல்வேகத்தைக் கொண்டு கணிக்கும் வகையென்றால், காற்று வைத்த பிறகு அதை ரீசெட் செய்யாவிட்டால் பழைய தவறான அளவையே சரியென்று எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: பந்தயத் தடத்தில் சில சுற்றுக்குப் பின் பிடிப்பு கரைகிறது

கோவை செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ உள்ள தடத்தில், சொந்தக் காரைச் சாலை டயரோடு ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இது. அங்கே டயர் ஏறும் சூடு சாலையில் காண்பதைவிட மிகுதி. அழுத்தம் எட்டு பி.எஸ்.ஐ. வரைகூடக் கூடலாம். முதல் இரண்டு சுற்றில் நன்றாகப் பற்றிய கார் ஐந்தாம் சுற்றில் வழுக்கத் தொடங்கினால், உள்ளே வந்தவுடன், ஆறுவதற்கு முன், அளவை எடுத்துச் சாக்பீஸ் கோட்டையும் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை மிச்சமிருந்தால், சாலையில் செய்யக் கூடாது என்று மேலே சொன்னதை இங்கே செய்யலாம்: சூடாக இருக்கும்போதே இரண்டு பி.எஸ்.ஐ. இறக்கி மறுபடி ஓட்டலாம். வீடு திரும்பும் முன் டயர்கள் ஆறிய பிறகு ஒட்டுத்தாள் அளவுக்குக் காற்றை மீண்டும் நிரப்பியே ஆக வேண்டும். கம்ப்ரசர் கையில் இல்லாவிட்டால் இறக்கும் வேலையையே தொடங்காதீர்கள்.

அறிகுறி: திருத்திய அளவு பத்து நாள் நிற்கவில்லை

ஒரே டயர் மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இழந்தால் அது இயல்பான கசிவல்ல. எச்சிலோ சோப்பு நீரோ முதலில் வால்வின் வாயில் தொட்டு வையுங்கள். குமிழி எழுந்தால் உள்ளிருக்கும் வால்வு ஊசியை மாற்றினால் போதும், சில ரூபாய் வேலை. வால்வு சரியென்றால் பட்டன் முழுவதும், பிறகு ரிம்மும் ரப்பரும் சேரும் விளிம்பு முழுவதும் சோப்பு நீரை ஊற்றி, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அலாய் ரிம்மின் விளிம்பில் பொடிப்பொடியாக நுரை பூத்தால், பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்திருக்கும் அல்லது விளிம்பில் அரிப்பு ஏறியிருக்கும். டயரைக் கழற்றி அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து பூட்டச் சொல்லுங்கள். பங்க்சர் பக்கச்சுவரிலோ தோள்பகுதியிலோ இருந்தால் ஒட்டுப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். வளைவில் மிகுதியாக மடங்கும் இடம் அதுதான் என்பதால் டயரையே மாற்ற வேண்டும். வேலை முடிந்து சக்கரத்தைப் பேலன்ஸ் செய்து பூட்டிய மறுநாள் காலை அதே கேஜால் நான்கையும் அளந்து எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மீண்டும் அளந்து, அந்த டயரின் எண் மற்ற மூன்றோடு ஒத்து நிற்கிறதா என்று பாருங்கள்.